நடவு வயலிலிருந்து வந்த குரல்

கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூன் 14 அன்று தமது 99-ஆம் வயதில் காலமானார். அஞ்சலிக் குறிப்புகள் பலவும் அவரை ‘ஆண்பாவம்’ பாட்டியாகவே நினைவுகூர்ந்தன. பாண்டியராஜன் இயக்கிய அந்தப் படம் 1985-இல் வந்தபோது கருப்பாயிக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. இளையராஜாவின் இசையில் பாடிய பாட்டும் அந்தப் பாட்டி வேடமும் அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் சினிமாவுக்கு முன்பே வானொலி கேட்டவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். வானொலிக்கும் முன்பே சிவகங்கைச் சீமையின் வயல்களுக்குத் தெரியும். இந்த வரிசை நம் நினைவில் தலைகீழாக நிற்பதுதான் வருத்தம்.

சிவகங்கையைப் போலவே, கடலூர் மாவட்டத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை ஓடும் நெல்லிக்குப்பத்தைச் சுற்றியும் நடவும் கரும்பும்தான் வாழ்க்கை. நடவுப் பாட்டில் ஒருத்தி முதலடி எடுப்பாள். குனிந்த முதுகோடு வரிசையில் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். அடி முடிகிற இடத்தில் நாற்று சேற்றில் இறங்கும், கால் ஒரு எட்டு பின்வாங்கும். வேகமான கையையும் தளர்ந்த கையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது அந்தப் பாட்டுதான். கிணற்று நீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப் பாட்டோ ஒரு கணக்கேடு: எத்தனை சால் இறைத்தாயிற்று என்பது அடிகளிலேயே ஏறிக்கொண்டு போகும். மோட்டார் வந்தது, ஏற்றம் போனது, எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் பாட்டும் நின்றது. பக்கத்தில் நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்தபின், சுரங்கத்துக்காக ஊர் ஊராக மக்கள் இடம் பெயர்ந்தார்கள். சேர்ந்து பாடிய வரிசைகளும் திசைக்கொன்றாகச் சிதறின. மின்சாரம் வேண்டும்தான், ஏற்றம் மிதித்த கால்களுக்கு ஓய்வு கிடைத்ததும் நல்லதுதான். அந்தக் குரல்களைப் பிடித்து வைக்காமல் விட்டதற்கு மட்டும் சமாதானம் கிடையாது.

அமெரிக்காவில் 1927-இல் ரால்ஃப் பீர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு பிரிஸ்டல் என்ற சிறு நகரத்துக்குப் போய் உட்கார்ந்தார். மலைக் கிராமத்துக் கார்ட்டர் குடும்பத்தாரும், ரயில்வேயில் வேலை பார்த்த ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கே வந்து பாடினார்கள். ‘கன்ட்ரி’ இசையின் வரலாற்றை இன்றும் அந்த நாட்களிலிருந்தே தொடங்குகிறார்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. நாட்டுப்பாடல்களை நா. வானமாமலை திரட்டினார். கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கருப்பாயிக்கும் 1993-இல் கலைமாமணி கிடைத்தது. ஆனாலும் முதுமையில் உதவித்தொகையை எதிர்பார்த்தே வாழ நேர்ந்தது. ‘தூள்’ படத்தில் பாடிய பரவை முனியம்மா நோயில் விழுந்தபோது, 2015-இல் அரசு 6 லட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்பு நிதியாக வைத்தது. நல்ல காரியம். ஆனால் இருவரையும் ஊரறியச் செய்தது சினிமா. திரையில் முகம் காட்டாத பாட்டுக்காரிக்கு என்ன வழி?

வானொலி நிலையங்களில் மிஞ்சியிருக்கும் நாட்டுப்பாடல் நாடாக்களை, பாடியவர் பெயரோடும் ஊரோடும் எல்லோரும் கேட்கும்படி வெளியிட வேண்டும். கடலூர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அடுத்த நடவுக்குக் காத்திருக்காமல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பட்டும். முழுப் பாட்டும் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் சும்மா வாங்கிக்கொண்டு வரக்கூடாது. பாடுகிற நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும், பதிவின் ஒரு படியை அவர்கள் வீட்டிலேயே விட்டு வர வேண்டும்.