எது ‘ஒரிஜினல்’னு யார் சொல்றது?

எம்ஜின்னு சொன்னா நம்ம செட்டுக்கு ஹெக்டர்தான் ஞாபகம் வரும். 2019-ல இந்திய ரோட்டுக்கு வந்த வண்டி. ஆனா அந்த எட்டுக்கோண லோகோவுக்குப் பின்னாடி ஒரு நூறு வருஷக் கதை இருக்கு. எம்ஜின்னா மோரிஸ் கராஜஸ். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு கார் டீலர் கடை. அங்கே ஆரம்பிச்சு, பக்கத்து ஊரான ஆபிங்டன் ஃபேக்டரியில் 1980 வரைக்கும் சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களா செஞ்சு தள்ளினாங்க. அந்தக் கார்களை இன்னைக்கும் ஓட்டுறவங்க நிறைய பேர்.

அவங்களுக்காக 1930-லேயே எம்ஜி கார் கிளப் ஆரம்பமாச்சு. அதோட முதல் செக்ரட்டரி ஜான் தார்ன்லி பின்னாளில் அந்த ஃபேக்டரிக்கே ஜெனரல் மேனேஜர் ஆனார். கம்பெனிக்கும் கிளப்புக்கும் அவ்வளவு நெருக்கம். அப்புறம் 1973-ல எம்ஜி ஓனர்ஸ் கிளப்னு இன்னொண்ணு வந்தது. வந்த கொஞ்ச வருஷத்திலேயே பழைய கிளப்பைவிடப் பெருசா வளர்ந்துடுச்சு. ஒரே நாடு, ஒரே கார். ரெண்டு கிளப் எதுக்கு?

என் கருத்தை முதல்லேயே சொல்லிடறேன். காரை அளந்து பார்க்கிற வேலையில மூழ்கி, காரை வச்சிருக்கிற ஆளை ஒரு கிளப் மறந்துட்டா, அந்த ஆள் வேற கதவைத் தட்டத்தான் போவார். அதுல அவர் தப்பு எதுவும் இல்ல.

எம்ஜி ஆட்கள் நடுவுல ‘உண்மையான எம்ஜி எது’ன்னு ஒரு சண்டை தலைமுறை தலைமுறையா ஓடுது. 1936-ல டிஏ மாடல் வந்தப்போ, ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட் இன்ஜினைத் தூக்கிட்டு சாதாரண புஷ்ராட் இன்ஜினைப் போட்டாங்க. பழைய ஆட்கள் முகம் சுளிச்சாங்க. 1955-ல எம்ஜிஏ வந்தது. நிமிர்ந்து நின்ன பழைய டிசைன் போய் வழவழன்னு ஒரு பாடி. மறுபடி முணுமுணுப்பு. 1962-ல எம்ஜிபி. தனி சேஸிஸே கிடையாது, மோனோகாக். 1974-ல அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக குரோம் பம்பரை எடுத்துட்டு கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, வண்டியோட உயரத்தையும் கூட்டினாங்க. அந்த ரப்பர் பம்பர் வண்டிகள் ரொம்ப காலம் தீண்டத்தகாதவை மாதிரிதான் கிடந்தது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 1936-ல ‘இதெல்லாம் ஒரு எம்ஜியா’ன்னு கேட்க வச்ச டி சீரிஸ்தான் இன்னைக்குப் பொக்கிஷம். நேத்து கேட்டுக்கு வெளியே நின்னவங்க இன்னைக்கு கேட்டுக்கு உள்ளே நின்னு அடுத்தவனை நிறுத்துறாங்க. நம்ம ஹாஸ்டல் சீனியர்களைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா என்ன?

நம்பரையும் பாருங்க. 1945-லிருந்து 1949 வரை செஞ்ச டிசி மாடல் மொத்தம் சுமார் 10,000 வண்டி. எம்ஜிபி 5 லட்சத்துக்கு மேல. அதாவது சாதாரண சம்பளக்காரங்க கையில இருந்தது எம்ஜிபிதான். பழைய கிளப்போட பலம் ரேஸ், டிரையல்ஸ், மாடல் வாரியான ரெஜிஸ்டர். ஆனா எம்ஜிபி வாங்கினவருக்குத் தேவை என்ன? துருப்பிடிச்ச அடிப்பலகைக்கு மாத்துப் பீஸ், குறைஞ்ச விலையில இன்ஷூரன்ஸ், எஸ்யூ கார்புரேட்டரை டியூன் பண்ணச் சொல்லித்தர ஒரு ஆள். புது கிளப் இதையெல்லாம் முன்னாடி வச்சது. கூட்டம் அங்கே போச்சு.

இப்போ மறுபக்கத்தையும் பேசணும். கமிட்டிக்காரங்களை வெறும் பழமைவாதிகள்னு தள்ளிட முடியாது. ஒரு உதாரணம் சொல்றேன், மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். டிசி, டிடி மாடல்ல இருக்கிற எக்ஸ்பிஏஜி இன்ஜினோட போல்ட்டுல மரை மெட்ரிக், தலை மட்டும் பிரிட்டிஷ் விட்வொர்த் சைஸ். ஏன் இந்தக் கூத்து? 1923-ல மோரிஸ் கம்பெனி கோவன்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ்ங்கிற பிரெஞ்சு கம்பெனியோட இன்ஜின் ஃபேக்டரியை வாங்கிச்சு. மெஷினெல்லாம் மெட்ரிக். ஆனா இங்கிலாந்து மெக்கானிக் கையில இருந்தது விட்வொர்த் ஸ்பேனர். அதனால மரை ஒரு ஊரு, தலை ஒரு ஊரு. இது தெரியாம கடையில கிடைக்கிற போல்ட்டைப் போட்டு முறுக்கினா பிளாக்ல மரை போயிடும். இந்த மாதிரி விஷயத்தை எழுதி வச்சு, சேஸிஸ் நம்பரைப் பதிஞ்சு, ‘இதுல கை வைக்காதே’ன்னு கத்தினவங்க அந்தக் கறார் பேர்வழிகள்தான். ஒரு தடவை வெட்டிட்ட காரை ஒட்டி பழைய சரித்திரமா ஆக்க முடியாது.

ஆனா அந்தக் கறாருக்கும் ஒரு எல்லை இருக்கு. ஆபிங்டன் மூடினதுக்கு அப்புறம், எம்ஜிபியோட பழைய பிரஸ் டூல்களைத் தேடிப் பிடிச்சு, 1988-ல பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புது பாடி ஷெல்லையே செய்ய ஆரம்பிச்சாங்க. அதே டூல், அதே வளைவு. துருப்பிடிச்சுச் செத்துப்போன ஒரு 1967 வண்டியோட இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸிலை எல்லாம் எடுத்து அந்த ஷெல்லுல மாட்டினா, அது எந்த வருஷத்து கார்? சுத்தபத்தம் பார்க்கிறவர் ‘அது ஒரிஜினல் இல்ல’ம்பார். சரி, அப்போ அந்தக் கார் காயலான் கடைக்குப் போயிருக்கணுமா? அப்படி எத்தனை வண்டி போனதுக்கு அப்புறம் கிளப்புக்கு என்ன மிச்சம் இருக்கும்?

என்னைக் கேட்டா ரெண்டு கதவு வைக்கணும். மெம்பர் ஆகிறதுக்கு ஒரு அகலமான கதவு. ஷோவில மார்க் போடறதுக்கு ஒரு குறுகலான கதவு. இது வெறும் கற்பனை இல்ல. அமெரிக்காவில் 1952-ல ஆரம்பிச்ச கிளாசிக் கார் கிளப், குறிப்பிட்ட வருஷங்களுக்குள்ள வந்த உயர்தர கார்களை மட்டும் ‘ஃபுல் கிளாசிக்’னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கு. ஃபோர்டு மாடல் ஏ-வுக்கே அதுல இடம் இல்ல. அதே நாட்டில் 1935-லிருந்து இருக்கிற ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப்போ, 25 வருஷம் ஆன எந்த வண்டியையும் சேர்த்துக்குது. உள்ளே வந்த பிறகு, மாத்தாம வச்ச வண்டிக்குத் தனிப் பிரிவு, அடிக்கடி ஓட்டுற வண்டிக்குத் தனிப் பிரிவு. சரித்திரமும் காப்பாத்தப்படுது, ஆளும் வெளியே நிக்கல.

மெம்பர்களுக்கும் ஒரு குட்டு வைக்கணும். சந்தா கட்டிட்டோம், ஸ்பேர் வரட்டும்னு உட்கார்ந்திருந்தா அது கிளப் இல்ல, கடை. இந்த மாதிரி கிளப்புல ரெஜிஸ்டர் பார்க்கிறவங்க, பத்திரிகை போடறவங்க, மீட்டிங் நடத்துறவங்க பெரும்பாலும் சம்பளம் இல்லாம சாயங்காலத்தைக் கொடுக்கிறவங்க. ஆண்டுக் கூட்டத்துக்கு வராம, ஒரு வேலைக்கும் கை தூக்காம, ‘கமிட்டி நாலு பேர் கையில இருக்கு’ன்னு குறை சொன்னா எப்படி? மீதிப் பேர் விட்டுட்டுப் போனதாலதானே அது நாலு பேர் கையில இருக்கு!

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கு எதுக்குன்னு தோணலாம். எம்ஜிஏவில் இருந்த 1489 சிசி இன்ஜின் பிஎம்சி பி-சீரிஸ். நம்ம அம்பாசடர்ல ரொம்ப வருஷம் ஓடினதும் அதே 1489 சிசி பி-சீரிஸ்தான். அந்த அம்பாசடர் 2014-ல நின்னு போச்சு. அதோட சத்தத்தைக் கேட்டே டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ற மெக்கானிக்குகளுக்கு வயசாகுது. 2021-ல மத்திய அரசு விதியே கொண்டு வந்துடுச்சு: 50 வருஷம் தாண்டின, ஒரிஜினல் வடிவத்திலேயே வச்சிருக்கிற வண்டிதான் விண்டேஜ். அதுக்கு ‘விஏ’ சீரிஸ் நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆக, ‘ஒரிஜினல்’ங்கிற வார்த்தைக்கு நம்ம ஊர்லயும் இனிமே காசு மதிப்பும் சட்ட மதிப்பும் உண்டு. அதுக்கு அர்த்தம் சொல்ற இடத்துல, ஹாலுக்குள்ள கார் நிறுத்தி வச்சிருக்கிறவங்க மட்டும் உட்கார்ந்தா போதுமா?

தாத்தாவோட அம்பாசடர் வீட்டுல தார்ப்பாய்க்கு அடியில தூங்கிட்டிருக்கிற பையனோ பொண்ணோ இதைப் படிக்கலாம். சீட் மாத்தியிருக்கும், யாரோ டீசல் இன்ஜின் மாட்டியிருப்பாங்க. அப்படி ஒருத்தர் கிளப் வாசல்ல வந்து நிக்கும்போது, ‘பேப்பர் இருக்கா, ஒரிஜினலா’ங்கிறது ரெண்டாவது கேள்வியா இருக்கட்டும். முதல் கேள்வி, ‘வண்டி ஸ்டார்ட் ஆகுதா, நான் வந்து பார்க்கட்டுமா?’