மெதுவாகப் பறக்கவே கட்டிய விமானம்

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் பாதையை 1872 வாக்கில் வெட்டுவித்த லெப்டினன்ட் கோக்கர் ஒரு ராணுவப் பொறியாளர். ஊருக்கு வரைபடம் தயாரித்தவரும் அவரே. உயரத்தில் நின்று நிலத்தைப் பார்த்துத் தாளில் ஏற்றுவது படைகளுக்குப் பழகிய வேலைதான். ஆனால் மலைமேல் நின்றாலும் பார்வை சாய்வாகத்தான் விழும்; ஒரு முகடு தனக்குப் பின்னுள்ள பள்ளத்தை மறைத்துவிடும்.

நேர் மேலிருந்து பார்த்தால் அந்த மறைப்பு இல்லை. வேவு விமானம் ஒரே உயரத்தில், ஒரே திசையில் சென்றபடி அடுத்தடுத்துப் படமெடுக்கும். ஒரு படத்தில் பதிந்த நிலத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் இருக்கும்படி எடுப்பார்கள். அப்படி எடுத்த இரண்டை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்தால் மேடும் பள்ளமும் புடைத்துத் தெரியும்.

இதற்கு வேகம் உதவாது. நிதானமும், சிறு மைதானத்தில் இறங்கி ஏறும் திறனும் வேண்டும். இரண்டு அடுக்கு இறக்கைகள் போதிய பரப்பைத் தந்தன. நடுவே கட்டிய கம்பிகளும் தாங்குகட்டைகளும் அதிக எடையில்லாமல் உறுதி தந்தன. காற்றின் இழுப்பு கூடும்தான், ஆனால் 1920களில் அது கட்டுப்படியான விலை.

1933 நவம்பரில் இத்தாலியின் வேவு விமானமான ரோமியோ ரோ.37 முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு வெஸ்ட்லாண்ட் வாபிட்டி விமானங்களுடன் உருவானது. இரண்டும் இரட்டை இறக்கை, இரட்டை இருக்கை விமானங்கள். முன்னால் விமானி, பின்னால் நோக்கர், அவர் கையில் இயந்திரத் துப்பாக்கியும் இருக்கும்.

அந்தத் துப்பாக்கியை மறந்துவிட்டு இவற்றைப் பறக்கும் கேமராவாக மட்டும் எண்ணுவது பெரும் பிழை. பார்த்த விமானமே தாக்கவும் செய்தது. ரோ.37 எத்தியோப்பியப் படையெடுப்பில் பங்கேற்றது. வாபிட்டிகள் வசீரிஸ்தானில் குண்டு வீசின. அங்கே கீழே இருந்தவர்களிடம் எதிர்த்துப் பறக்கப் போர்விமானம் கிடையாது. மெதுவான விமானம் பிழைத்ததற்கு அதுவே பெரிய காரணம்.

வேகமான ஒற்றை இறக்கைப் போர்விமானங்கள் வந்ததும் அந்த வசதி போயிற்று. ஆனாலும் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது சென்னை பரங்கிமலையில் அமைந்த கடலோரக் காவல் பிரிவுக்கு வாபிட்டிகளே கிடைத்தன. கப்பல்களைத் தேடிக் கடல்மேல் ரோந்து போவதற்கு அந்தப் பழைய நிதானம் இன்னும் போதுமானதாக இருந்தது.