பூட்டிய அலுமாரிக்குள் விளையாட்டுப் பொருட்கள்

கடந்த மாதம் படுவான்கரையில் ஒரு முன்பள்ளிக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருட்கள் உறை பிரிக்கப்படாமல் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அலுமாரி பூட்டியிருந்தது. “உடைஞ்சா திரும்ப எங்க சேர் வாங்குற? பார்க்க வாறவங்களுக்குக் காட்டவும் வேணும்” என்றார் ஆசிரியை. அவரில் பிழை இல்லை. வெளியே, இரண்டு நொங்குக் கோம்பைகளைத் தடியில் கோத்து, பிள்ளைகள் வண்டில் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருட்களை வடிவமைப்பது என் தொழில். என் கணக்கில் அந்த நொங்கு வண்டில்தான் சிறந்த வடிவமைப்பு. உடைந்தால் பிள்ளையே திருத்தும், காசு தேவையில்லை, யாருக்கும் நன்றி சொல்லவும் தேவையில்லை.

ஆனால் கையில் அகப்பட்டதை எடுத்து விளையாடும் அந்த உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு நீண்டகாலம் இருக்கவில்லை. “கீழே கிடக்கிறதைத் தொடாதே” என்பதுதான் ஒரு தலைமுறைக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்த முதற் பாடம். மினுங்கும் தகரத் துண்டு வெடிபொருளாக இருக்கலாம் என்ற பயம் அது. மட்டக்களப்பு மிதிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 2017 இல்தான். நிலத்திலிருந்து வெடியை அகற்றியாயிற்று. பெற்றோரின் மனதிலிருந்து அந்தப் பயத்தை அகற்ற எவரும் திட்டம் போடவில்லை. இன்றும் பல தாய்மாருக்கு, பிள்ளை கைபேசியுடன் வீட்டுக்குள் இருப்பதே நிம்மதி.

இதற்கு மாற்றுவழி எங்கள் ஊரிலேயே இருந்தது. 1996 இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றாக அழைத்துவரப்பட்டார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம் ஆகியவைதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. செய்துமுடித்த பொருளைக் கையில் கொடுக்காமல், செய்வதற்கான பொருளைக் கொடுத்ததுதான் அங்கு முக்கியம். உடைந்துபோன உலகத்தைப் பார்த்த பிள்ளைக்கு, தன் கையாலும் ஒன்றை ஆக்க முடியும் என்று தெரிவது சிறிய விடயம் அல்ல.

2004 சுனாமிக்குப் பிறகும், 2007 இடப்பெயர்வுகளுக்குப் பிறகும் நிவாரணத்தோடு விளையாட்டுப் பொருட்களும் வந்தன. கொடுத்தவர்களின் மனம் நல்லது. ஆனாலும் எங்கள் மணலையும் வெயிலையும், வாவிக் கரையையும் தெரியாதவர்கள் வடிவமைத்த பொருட்கள் அவை. ஒரு சில்லு கழன்றால் முழுப் பொருளும் குப்பை. அந்தக் குப்பை கடைசியில் போய்ச் சேர்வதும் வாவிக்குத்தான். 2021 மார்ச் 31 முதல் அரசு காற்றடைக்கும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் தடை மட்டும் பிள்ளையின் கையில் எதையும் வைக்காது.

இந்தியாவில் சுதர்சன் கன்னா நாட்டார் விளையாட்டுப் பொருட்களைத் தேடித் தொகுத்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பாடமாக்கினார். அரவிந்த் குப்தா தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வு ரியூப்பிலும் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தார். எங்களிடம் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பனையோலை பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்தால் பனையோலைக் கிலுகிலுப்பை சந்தைப் பொருளாகும். ஆனால் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் பாதுகாப்பை மறக்கக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளின் எந்தத் துண்டும், 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுமையாக அடங்கிவிடக்கூடாது என்பது பல நாடுகளின் விதி. உள்ளே இருக்கும் விதை வெளியே கொட்டினால் அது தொண்டையில் சிக்கும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பெட்டியை அனுப்பும் முன், அந்தச் செலவில் ஒரு முன்பள்ளிக்குத் தேவையானதை இங்குள்ள தச்சரிடமோ ஓலை பின்னுபவரிடமோ செய்விக்க முடியுமா என்று விசாரியுங்கள். உடைந்தால் திருத்த ஆள் ஊரிலேயே இருந்தால், அந்த ஆசிரியைக்கு அலுமாரியைப் பூட்டி வைக்க வேண்டிய தேவை வராது.