கோரமண்டல் என்றொரு ரயில் நிலையம்

நம் காரைக்கால் கடற்கரையைச் சேர்த்து ஐரோப்பியர் வைத்த பெயர் கோரமண்டல். சோழமண்டலம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று என்பார்கள். கடலே இல்லாத ஓர் ஊரிலும் அதே பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கர்நாடகத்தில் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் சிறு பாதையில் அதைப் பார்க்கலாம். அங்கே இறங்கினால் கோலார் தங்கவயல்.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. வடஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்தான் பூமிக்குள் இறங்கினார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1902இல், பெங்களூருக்கும் முன்பே, சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியதால், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

அமெரிக்கப் பாலைவனத்தில் காலிகோ என்று ஒரு வெள்ளிச் சுரங்க ஊர் இருந்தது. 1881இல் உருவானது. வெள்ளி விலை சரிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். இன்று அது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சி ஊர்.

தங்கவயலையும் சினிமா பார்த்துவிட்டு ‘பேய் ஊர்’ என்று தேடி வருகிறார்கள். துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களையும், பாலைவன மணல்மேடு போன்ற சயனைடு குன்றுகளையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரை விட்டு ஜனங்கள் போகவில்லை. லைன் வீடுகளில் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறது. நிலுவைத் தொகை, குடியிருக்கும் வீட்டுக்கு உரிமை என்று பழைய தொழிலாளர்களின் கேள்விகள் நீண்டுகொண்டே போயின. பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயும் பலரின் நுரையீரலோடு வீட்டுக்கு வந்தது. அவர்கள் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் ஏறி, 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

காரைக்காலிலிருந்து பெங்களூருக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து ஒரு நாளில் தங்கவயல் போய் வரலாம். காற்றடிக்கும் நாளில் குழந்தைகளோடு அந்தக் குன்றுகளில் ஏற வேண்டாம், தூசி நல்லதல்ல. முக்கியமாக, தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் தமிழிலேயே பேசிப் பாருங்கள். எந்தச் சுரங்கத்தில், எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். கோபுரத்தைப் படம் எடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.