போன வருசத்துக் கொண்டெய்னர்

எபிசோட்டில நேரம் முடிஞ்சு பாதியில விட்ட கதை இது. டேட்டாவோட வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டுமில்லை, "எங்கட சனம் வந்தபடியாத்தான் கனடாவுக்கு இலங்கை வியாபாரம் கூடினது" எண்டு மேடையில சொல்லுறவைக்கும் சேத்துத்தான்.

மொன்ட்ரியால்-நோரில நான் சாமான் வாங்குற கடையில சம்பா அரிசியும் கருவாடும் மலிபன் பிஸ்கட்டும் இருக்கு. அதைப் பாத்தால் மேடைப் பேச்சு சரி எண்டுதான் படும். ஆய்வும் இருக்கு: பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கீத் ஹெட், ஜோன் ரீஸ் 1998இல், ஒரு நாட்டிலிருந்து வந்த குடியேறிகள் 10 வீதம் கூடினால் அந்த நாட்டோடு கனடாவின் ஏற்றுமதி 1 வீதமும் இறக்குமதி 3 வீதமும் கூடுது எண்டு எழுதினார்கள். 136 நாடுகள், 1980 முதல் 1992 வரை.

இப்பிடியான எண்ணைக் கேட்டதும் எனக்கு வாற கேள்வி: இலங்கைத் தேயிலை 1983க்கு முந்தியே இங்க வந்தது தானே? தூரம், மொழி, பழைய கொமன்வெல்த் தொடர்பு எல்லாம் நாங்கள் வரமுதலே இருந்தவை. அதைக் கழிக்கத்தான் ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்ஸ். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்த சராசரியைக் கழிச்சுப்போட்டு, மிச்ச ஏற்ற இறக்கத்தை மட்டும் பாக்கிறது. நல்ல யோசனை. (போர் மாதிரி வருசத்துக்கு வருசம் மாறுறதை அது கழிக்காது. அது வேற தலையிடி.)

ஆனா வியாபாரத்துக்கு ஞாபகம் இருக்கு. போன வருசம் கொண்டெய்னர் அனுப்பினவரிட்டத்தான் கடைக்காரர் இந்த வருசமும் கேப்பார். அதனால போன வருச வியாபாரத்தையும் மொடலுக்குள்ள போடவேணும். சிக்கல் அங்கதான் துவங்குது.

ஒரு கடைக்கு ஒரு வருசம் திடீரெண்டு நல்ல விற்பனை எண்டு வையுங்கோ. அது முழுக் காலத்துச் சராசரியையும் கொஞ்சம் தூக்கும். அப்ப, சாதாரணமா இருந்த முந்தின வருசம் "சராசரிக்குக் கீழ" எண்டு தெரியும். நல்ல வருசத்துக்கு முன்னால எப்பவும் ஒரு மோசமான வருசம் இருந்த மாதிரி ஒரு பொய்த்தோற்றம். போன வருசத்தின்ர பிடி உண்மையைவிடக் குறைவாக் காட்டும். ஸ்டீபன் நிக்கல் 1981இல் இதைக் கணக்காவே காட்டினார். நாடுகளைக் கூட்டினாலும் இது போகாது, வருசங்களைக் கூட்டினால்தான் குறையும்.

உண்மையான பிடி 0.8 எண்டால், 13 வருச டேட்டாவில அது சுமார் 0.65 ஆக வரும். சின்ன வித்தியாசம் எண்டு நினைக்காதேங்கோ. முதல் வருசம் 1 வீதம் கூட்டுற ஒரு மாற்றம், 0.8 எண்டால் காலப்போக்கில 5 வீதம் கூட்டும், 0.65 எண்டால் 3 வீதம்கூட வராது. அதே சனம், அதே கடைகள், ஆனா எங்கட பங்கு கிட்டத்தட்டப் பாதியாப் போகுது. 2000 மார்ச்சில நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தை நாலைஞ்சு வருச டேட்டாவோட அளக்கப் போனால் நிலைமை இன்னும் மோசம்.

இதுக்கு மருந்து 1991இல் வந்த அரெயானோ–பொண்ட் முறை எண்டு பாடப்புத்தகம் சொல்லும். பழைய வருசங்களைச் சாட்சிக்கு இழுக்கிற முறை. ஆனா வியாபாரம் மெதுவாத்தான் மாறும். அப்பிடி மாறாத இடத்தில அந்தச் சாட்சியும் பலவீனம். ஏஐயிட்டக் கேட்டால் ரெண்டு வரி கோட் தரும், ஓடும், நட்சத்திரக் குறியெல்லாம் வடிவா வரும். உங்களிட்ட எத்தினை வருசம் இருக்கு எண்டு அதா வந்து கேக்கும் எண்டு நம்பியிருக்காதேங்கோ.

நான் செய்யிறது இதுதான். ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்ஸ் இல்லாமல் ஒருக்கா ஓட்டுவன்: பிடி கூடுதலா வரும். போட்டு ஒருக்கா ஓட்டுவன்: குறைவா வரும். உண்மை அனேகமா ரெண்டுக்கும் இடையில. அரெயானோ–பொண்ட் தாற எண் அந்த இடைவெளிக்கு வெளியில விழுந்தால், அதைக் கொண்டுபோய் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்.