ஒன்பதில் ஒருவருக்கே வானம்

1995 டிசம்பர். ஹபிள் தொலைநோக்கியின் அறிவியல் பணிகளை நடத்தும் பால்டிமோர் நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், சக வானியலர்கள் சிலருக்கு உவப்பில்லாத ஒரு முடிவை எடுத்தார். சப்தரிஷி மண்டலத்தில், பார்வைக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லாத ஒரு துளி வானத்தைப் பத்து நாள் இடைவிடாமல் பார்க்கும்படி ஹபிளைத் திருப்பினார். நூறு மீட்டர் தொலைவில் வைத்த டென்னிஸ் பந்து எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவுதான் அந்தத் துளி. ஹபிளின் ஆடியில் இருந்த பிழை திருத்தப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை நேரத்தைச் செலவழித்து வெறுங்கையோடு திரும்பினால் மறுபடியும் தலைகுனிவாகிவிடும் என்று அனுபவசாலிகள் எச்சரித்தார்கள். படம் வந்தது. அந்தத் துளிக்குள் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் இருந்தன.

வில்லியம்ஸின் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. தொலைநோக்கி நேரத்தில் ஒரு பகுதி இயக்குநரின் விருப்புரிமைக்கு விடப்பட்டிருந்தது. கிடைத்த தரவுகளை அவர் பூட்டிவைக்கவும் இல்லை; 1996 ஜனவரியிலேயே உலகுக்குத் திறந்துவிட்டார். விண்வெளித் தொலைநோக்கி என்றதும் நாம் ஆடியின் அகலத்தையும் படங்களின் அழகையும் பேசுகிறோம். அந்த ஆடி எதைப் பார்க்க வேண்டும் என்று யார், எந்த நியாயத்தின்படி தீர்மானிக்கிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு நாம் பேச வேண்டும்.

ஓராண்டுக்குள் ஒன்பது ஆண்டுகள்

2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 6.5 மீட்டர் அகல ஆடியுடன் அகச்சிவப்புக் கதிர்களைச் சேகரித்துவருகிறது. ஹபிளைப் போல விண்வெளி வீரர்களை அனுப்பி அதைப் பழுதுபார்க்க வழியில்லை. எரிபொருள் தீர்ந்தால் பணி முடிந்தது. எனவே கைநழுவும் ஒவ்வொரு மணி நேரமும் திரும்பக் கிடைக்காத நேரம்.

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. வெப்பின் நேரப் பங்கீட்டின் நான்காவது சுற்றுக்கு வந்த ஆய்வு முன்மொழிவுகள் 2,377. அவை கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. அதாவது, ஓராண்டில் செய்ய வேண்டிய வேலைக்கு ஒன்பது ஆண்டு நேரத்தை உலகம் கேட்டது. முன்மொழிவுகளில் ஒன்பதில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைத்தது. மீதியில் பல தகுதிக் குறைவால் விழுந்தவை அல்ல, இடமில்லாமல் விழுந்தவை.

இத்தகைய நெரிசலில் தேர்வுக் குழுக்களின் கை இயல்பாகவே பாதுகாப்பான பக்கம் சாயும். உறுதியாக விடை தரும் கேள்வி வெல்லும். ‘ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்’ என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளும் கேள்வி தோற்கும். வில்லியம்ஸின் வெற்று வானம் இன்றைய நெரிசலில் ஒரு சாதாரண முன்மொழிவாக வந்திருந்தால் தேறியிருக்குமா என்பது சந்தேகமே.

பெயரை மறைத்தபோது

பங்கீட்டைச் சீராக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஹபிள் முன்மொழிவுகளின் பதினொரு சுற்றுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஓர் உண்மையை முகத்துக்கு நேரே காட்டியது: ஒவ்வொரு சுற்றிலும் ஆண்கள் தலைமையேற்ற முன்மொழிவுகள், பெண்கள் தலைமையேற்றவற்றைவிட அதிக விகிதத்தில் வென்றிருந்தன. யாரும் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த பெயர் நம்பிக்கையைக் கூட்டும். தெரியாத பெயர் தயக்கத்தைக் கூட்டும்.

2018-இல் விதி மாற்றப்பட்டது. முன்மொழிபவர் யார், எந்த நிறுவனம் என்பது மதிப்பிடுபவர்களின் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டது. அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்றவற்றில் 8.7 விழுக்காடும், ஆண்கள் தலைமையேற்றவற்றில் 8 விழுக்காடும் தேர்வாயின. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கும் கதவு அகன்றது. ஜேம்ஸ் வெப் முதல் சுற்றிலிருந்தே இந்த முறையைப் பின்பற்றுகிறது. ஆடியில் ஒரு கீறல்கூட மாறவில்லை. பார்க்கும் கண்கள் மட்டும் மாறின.

பனியுலகங்கள் சொல்லும் சாட்சி

விண்மீன் திரள்களும் கருந்துளைகளும் தலைப்புச் செய்திகளைப் பிடித்துக்கொள்கின்றன. பங்கீடு நியாயமாக இருக்கிறதா என்று அறிய நான் பார்ப்பது சின்னஞ்சிறு பனிப் பொருட்களை. நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் அவை மிகவும் மங்கலானவை. படத்தில் வெறும் புள்ளிகள். ஸ்பெயினைச் சேர்ந்த நோமி பினியா-அலோன்சோ தலைமையிலான குழு வெப்பின் முதல் சுற்றிலேயே அவற்றுக்கு நேரம் பெற்றது. 54 பொருட்களின் நிறமாலையைப் பதிந்தபோது அவை மூன்று தெளிவான வகைகளாகப் பிரிந்து நின்றன. சிலவற்றில் நீர்ப்பனி ஓங்கியிருந்தது, சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு, மற்றவற்றில் மெத்தனாலும் சிக்கலான கரிமச் சேர்மங்களும். சூரியனைச் சுற்றிக் கோள்கள் உருவாகத் தொடங்கிய காலத்தில், எந்தத் தொலைவில் எது உறைந்தது என்ற பழைய வரைபடத்தின் எச்சம் இது. நம் கடலின் நீர் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்குப் போகும் வழிகளில் ஒன்று அந்தப் புள்ளிகளினூடாகவும் செல்கிறது.

2025 ஜூலையில், வேறொரு விண்மீனின் பிறப்பிடத்திலிருந்து 3ஐ/அட்லஸ் என்ற வால்மீன் நம் சூரியக் குடும்பத்துக்குள் நுழைந்ததைக் கண்டார்கள். அடுத்த மாதமே வெப் அதைப் பார்த்து, அதன் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதைச் சொன்னது. இப்படி ஒரு விருந்தாளி வரும் என்று யாரும் நாள் குறித்து வைக்க முடியாது. எதிர்பாராததற்கும் அட்டவணையில் இடம்விட்டிருந்ததால்தான் அது முடிந்தது.

ஒரே வயல், இரு அறுவடை

சிற்பி மண்டலத்தின் திசையில் ஏபெல் 2744 என்ற பிரம்மாண்டமான திரள்கூட்டம் இருக்கிறது. தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து, பின்னாலுள்ளவற்றை ஒரு வில்லைபோலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ‘அன்கவர்’ என்ற குழு இந்த இடத்தை வெப் மூலம் ஆழ்ந்து நோக்கி, தரவுகளைப் பொதுவில் வைத்தது.

அங்கே வெப் கண்ட யு.எச்.இசட்-1 என்ற விண்மீன் திரளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைச் சந்திரா தொலைநோக்கி பிடித்தது. பெருவெடிப்புக்கு 47 கோடி ஆண்டுகளுக்குப் பிறகே அங்கே ஒரு பெருங்கருந்துளை வளர்ந்துவிட்டிருந்தது என்ற செய்தி 2023-இல் வெளியானது. வாயு மேகம் நேரடியாகச் சரிந்தே இத்தகைய கருந்துளைகள் பிறந்திருக்கலாம், பிறந்திருந்தால் அவை இப்படித் தென்படும் என்று முன்கூட்டியே கணித்திருந்தவர்களில் முக்கியமானவர், கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். சந்திரா தாங்கியிருப்பதோ சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்.

அதே வயலில் 2025-இல் இன்னொரு அறுவடை. புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும், பெருவெடிப்புக்கு 150 கோடி ஆண்டுகளுக்குப் பிறகே இரு சுருள்கரங்களோடு முழுமையாக உருப்பெற்ற ஒரு திரளைக் கண்டு ‘அலக்நந்தா’ என்று பெயரிட்டார்கள். இதற்காக அவர்கள் வெப்பிடம் புதிதாக நேரம் கேட்கவில்லை; பொதுவில் கிடந்த தரவைக் கூர்ந்து பார்த்தார்கள்.

எதைக் காக்க வேண்டும்

சுமார் 1,000 கோடி டாலரில் உருவான வெப்பின் இயக்கச் செலவில் 35 விழுக்காடு வரை வெட்டு விழக்கூடும் என்ற எச்சரிக்கை 2025-இல் எழுந்தது. நிதி இறுகும்போது முதல் அடி விழுவது கருவியின் மேல் அல்ல. புதியவர்களுக்கு வழிகாட்டும் ஊழியர்கள், தரவைச் செப்பனிடும் பணி, துணிச்சலான கேள்விகளுக்கான ஒதுக்கீடு ஆகியவைதான் முதலில் மெலியும். ஆகவே மூன்றை விட்டுக்கொடுக்கலாகாது. பெயர் மறைத்த மதிப்பீடு தொடர வேண்டும். தோற்கக்கூடிய கேள்விகளுக்கென நேரத்தில் ஒரு பங்கை எழுத்துபூர்வமாக ஒதுக்க வேண்டும். பெரிய திட்டங்களின் தரவு உடனடியாகப் பொதுவுக்கு வர வேண்டும். சிறிய குழுக்களுக்கு மட்டும், தரவைத் தாமே முதலில் ஆராய இப்போதுள்ள ஓராண்டு அவகாசம் நீடிக்கட்டும். இல்லையென்றால் ஆள்பலமும் கணினிபலமும் உள்ளவர்கள், கேள்வியைக் கேட்டவரை முந்திக்கொள்வார்கள்.

நம் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. வெப்பில் நேரம் கேட்க எந்த நாட்டவருக்கும் உரிமை உண்டு; அதன் தரவுக் காப்பகத்தைத் திறக்கக் கட்டணம் இல்லை. நிறமாலையைப் படிக்கவும் ஒரு கேள்வியை முன்மொழிவாக வடிக்கவும் நம் பல்கலைக்கழக இயற்பியல் துறைகள் இளநிலை வகுப்பிலேயே கற்றுத்தர வேண்டும். அலக்நந்தாவின் ஒளி வெப்பின் ஆடியில் விழுந்தபோது அதை யாரும் அடையாளம் காணவில்லை. பொதுவில் வைத்திருந்ததால் புனேயிலிருந்து இருவர் கண்டுகொண்டார்கள். இன்னும் எத்தனையோ திரள்கள் அதே காப்பகத்தில், பார்ப்பவரின்றிக் காத்திருக்கின்றன.