கிழித்தெறியப்பட்ட பக்கங்கள்

பழைய படவிதழ்களை ஆராயப் புகுவோர், கதையையும் பாட்டையும் போற்றி எடுத்துக்கொண்டு, விளம்பரங்களைக் குப்பையென ஒதுக்குகின்றனர். மேலைநாட்டு நூலகங்கள் பலவும் இதழ்களைத் தொகுத்துக் கட்டும்போது விளம்பரப் பக்கங்களைக் கிழித்தெறிந்தன. பாதியைக் கிழித்துவிட்டு எழுதும் வரலாறு எங்ஙனம் முழு வரலாறாகும்?

1893-இல் அமெரிக்காவில் பிராங்கு மன்சி என்பார் தம் மாத இதழின் விலையை 25 சென்டிலிருந்து 10 சென்டாகக் குறைத்தார். அச்சுச் செலவுக்கே போதாத அவ்விலையை ஈடுகட்டியது விளம்பர வருவாய். மலிவால் படிப்போர் பெருகினர். அப்பெருக்கைக் காட்டி வணிகரிடம் கட்டணம் பெறப்பட்டது. படிப்போர்க்கு இதழ் விற்கப்பட்டது என்பது வெளித்தோற்றம். வணிகர்க்குப் படிப்போர் விற்கப்பட்டனர் என்பதே உண்மை. கதையோ தூண்டிலிற் கோத்த புழுவாயிற்று!

விற்கப்பட்ட பண்டங்கள் யாவை? அழுங் குழந்தையை அமைதிப்படுத்தும் என்று தாய்மார்க்கு விளம்பரப்படுத்தப்பட்ட 'வின்சுலோ அம்மையார்' மருந்தில் இருந்தது, அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பீன்! தாய்மையைப் போற்றும் கதைகளை மட்டும் படிப்பவர் இக்கொடுமையை எவ்வாறு அறிவார்?

விளம்பரமின்றி இதழ் வாழாது என்பர் சிலர். ஆயினும், நஞ்சை மறுத்தும் இதழ் வாழ்ந்தது. 'லேடீசு ஓம் சர்னல்' என்னும் பெண்டிர் இதழ் 1892-இலேயே இத்தகு மருந்து விளம்பரங்களை ஏற்க மறுத்தது. 1905-இல் 'கோலியர்சு' இதழில் சாமுவேல் ஆப்கின்சு ஆடம்சு அம்மருந்துகளின் பொய்ம்மையைத் தொடர்ந்து எழுதினார். 1906-ஆம் ஆண்டுச் சட்டம், அபினி, மார்பீன், சாராயம் ஆகியவை கலந்திருப்பின் அதனைப் புட்டியின்மேல் எழுதவேண்டும் என்றது. ஆனால், நஞ்சை மறுத்த அப்பெண்டிர் இதழே, கதையின் தலையை முன்பக்கத்தில் இட்டு, வாலை விளம்பரங்களுக்கிடையே ஓடவிட்டது. கதை முடிவைத் தேடுவோரின் கண் கடைச்சரக்கின் மேல் விழவேண்டும் என்பதே நோக்கம். இலக்கியத்தின் வடிவையே விளம்பரம் வகுத்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டிலும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1926-இல் தோன்றிய ஆனந்த விகடனை 1928-இல் வாங்கிய எசு.எசு. வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவரே. அக்கால இதழ்க்கதைகள் நூல்களாகி நிலைபெற்றன. அவற்றின் அருகே நின்ற விளம்பரங்களோ பழந்தாள்களோடு மக்குகின்றன. எந்தக் கதைக்கு எந்தச் சரக்கு துணை நின்றது, எத்தகைய தமிழில் அது விலை கூறப்பட்டது என்பனவற்றை எதனைக் கொண்டு ஆராய்வது?

இதழ்களை அட்டை முதல் அட்டை வரை காக்க வேண்டும். இரு பக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும். எழுதியவர் யாரென்று மட்டும் கேட்பது அரை ஆராய்ச்சி. எவர் பணத்தில் அச்சேறியது என்றும் கேட்பதே முழு ஆராய்ச்சி!